நாயின் கண்நோயும் நடுத்தரக் குடும்பமும்

வீட்டு நாய்க்குக் கண்ணில் நோய் கண்டிருப்பதை அந்த வீட்டார் பெரும்பாலும் காலம் தாழ்ந்தே அறிகிறார்கள். அதற்கு அவர்களுடைய அசிரத்தை மட்டும் காரணமன்று. நாய் உலகத்தை முதலில் மூக்காலும் அடுத்தபடி காதாலும் அறிகிறது. கண் அதற்கு மூன்றாவது துணையே. வாசற்படி எங்கே, தண்ணீர்ப் பாத்திரம் எங்கே, வீட்டுப் பெரியவரின் நாற்காலி எங்கே என்பவையெல்லாம் அதன் நினைவில் பதிந்து கிடப்பதால், ஒரு கண் முற்றும் குருடான பின்னரும், மறு கண்ணில் பாதி ஒளி போன பின்னரும்கூட, பழகிய வீட்டில் அது வழக்கம்போல் நடமாடுகிறது. வலியால் ஓலமிடுவதும் அதன் சுபாவமன்று. முன்போல் ஓடி வரவில்லை, மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது, தலையைத் தொட வந்தால் விலகுகிறது என்ற அளவில்தான் அதன் வேதனை நமக்குப் புலப்படுகிறது. வயதாகிவிட்டது என்றும், வெயில் அதிகம் என்றும் நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இந்தச் சமாதானத்தில் கழியும் இரண்டொரு தினங்களுக்குள், சில நோய்களில், மீட்கக்கூடிய பார்வை மீட்க முடியாததாகி, சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் பல ஆயிரங்களைக் கேட்கும் காரியமாகிவிடுகிறது.

ஆகவே நோயைப் பற்றிப் பேசும்போது, அது ஒரு சாமானியக் குடும்பத்தின் மாத வருமானத்தின் மீது வைக்கும் பாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நாயின் வைத்தியச் செலவைப் பற்றி வாய்விட்டுப் பேச நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டு. செலவு செய்தேன் என்றால், மனிதனுக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர் ஒருபுறம். செலவைத் தாங்க முடியவில்லை என்றால், பின் எதற்காக வளர்த்தாய் என்று கேட்பவர் மறுபுறம். இருவருக்கும் நடுவே நிற்கும் ஓய்வூதியக்காரரும், தனியார் கம்பெனிக் குமாஸ்தாவும், தையல் தொழிலில் குடும்பத்தை நடத்தும் தாயாரும், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக நிற்கிறார்கள். அந்த மௌனம் யாருக்கும் நன்மை செய்வதில்லை. பணத்தைப் பற்றி வைத்தியரிடம் முதல் நாளே பேசுவது அன்பின் குறைவாகாது. எவ்வளவு செலவில் எவ்வளவு பலன் என்பது தெரிந்தால்தான், கையிலிருக்கும் பணம் அந்தப் பிராணியின் துன்பத்தைக் குறைப்பதற்குப் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டு மணி, காக்கர் ஸ்பானியல் ஜாதியைச் சேர்ந்தவன். கண்ணழுத்த நோய் அந்த ஜாதியில் பரம்பரையாக வருவது என்பதை அவனை வாங்கிய காலத்தில் எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் அவனுடைய இடக்கண் சிவந்து, கருவிழியின் மேல் நீலம் பாய்ந்த மூடுபனி படர்ந்தாற்போல் மங்கியிருந்தது. இமையைத் திறக்க மறுத்தான். பிரியமான பால் சோற்றையும் முகர்ந்துவிட்டு விலகிப் போனான். அருகிலிருந்த மருத்துவமனையில் கண் சிவப்புக்கென்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் கருவி அங்கே இல்லை. சில தினங்களுக்குப் பிறகு சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அளந்து பார்த்தபோது, அந்தக் கண்ணின் நரம்பு முன்னரே செத்துப்போயிருந்தது என்று தெரிந்தது. சொட்டு மருந்து கொடுத்த வைத்தியரை நான் குறை சொல்ல மாட்டேன். கருவியில்லாத இடத்தில் சிவந்த கண் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

கண்ணழுத்தம் என்பது இன்னதென்று சிறிது விளக்குவது அவசியம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டும், ஓரத்திலுள்ள நுண்ணிய வழிகளால் வடிந்துகொண்டும் இருக்கிறது. குழாய் திறந்தபடி இருக்க, தொட்டியின் வடிகால் மட்டும் அடைபட்டால் என்ன ஆகுமோ அதுவே அந்த வழிகள் அடைபட்டபோது கண்ணுக்கு ஆகிறது. ஆரோக்கியமான நாயின் கண்ணில் இந்த அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். நோய் திடீரெனத் தாக்கிய கண்ணில் 50-ஐயும் கடந்து செல்லும். அவ்வளவு அழுத்தத்தைப் பார்வை நரம்பு ஒரு நாளோ, மிஞ்சினால் மூன்று நாட்களோதான் தாங்கும். இதே வியாதி வந்த மனிதர்கள், தலையைப் பிளக்கும் வலி என்று அதைச் சொல்கிறார்கள். நாய்க்கு மட்டும் அது வேறாக இருக்கும் என்று நினைக்க நியாயம் ஏதுமில்லை.

இவ்விடத்தில் செலவுக் கணக்கைப் பற்றிய முக்கியமான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் கண்ணழுத்த நோய் ஒரு கண்ணோடு நிற்பதில்லை. நன்றாக இருக்கும் மறு கண்ணையும் பின்னர் தாக்குகிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி, 2000-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மறு கண்ணுக்கு மருந்திடாத நாய்களில் ஏறத்தாழ எட்டு மாதத்தில் அந்தக் கண்ணும் நோயுற்றதென்றும், நோய் வருமுன்பே சொட்டு மருந்து இடப்பெற்ற நாய்களில் அது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று என்றும் கண்டார்கள். அதில் பயன்பட்ட பீட்டாக்ஸொலால் என்னும் மருந்து, மனிதர்களின் கண்ணழுத்தத்துக்காக நம்மூர் மருந்துக் கடைகளிலும் விற்கும் சாதாரணமான ஒன்றே. பதினைந்து வயதுக்கு மேல் வாழ்வது அரிதான ஒரு பிராணிக்கு இரண்டு ஆண்டுப் பார்வை என்பது சிறிய லாபமன்று. எனினும், போன கண்ணை மீட்பதற்காக ஊர் ஊராக அலைந்து கையிருப்பைக் கரைத்துவிட்டு, இருக்கும் கண்ணைப் பாதுகாக்கும் மலிவான மருந்தைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்களைத்தான் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

மனிதர்களுக்கான மருந்து என்றதும் நாமே வாங்கி இட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. டார்ஸோலமைடு, டிமோலால், லாட்டனோபிராஸ்ட் ஆகியவை மனிதனுக்கும் நாய்க்கும் பொதுவான மருந்துகளே. ஆயினும் விழிவில்லை இடம் பெயர்ந்து முன்னால் விழுந்ததனால் அழுத்தம் ஏறியிருக்கும் கண்ணில் லாட்டனோபிராஸ்ட் இட்டால், கண்பாப்பா சுருங்கி, நோய் தணிவதற்குப் பதிலாக முற்றுகிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தின் கதை இதைவிடக் கொடியது. கருவிழியில் புண் இருக்கும்போது அந்த மருந்தை இட்டால், சிவப்பு மறைந்து கண் தெளிந்ததுபோல் ஒரு நாள் தோன்றி, புண் உள்ளே ஆழமாகி, கருவிழியே துளைபட்டுப்போகும். இதைத் தவிர்ப்பதற்கு வேண்டியது, ஃபுளோரசின் என்ற சாயம் தோய்ந்த ஒரு காகிதத் துண்டு மட்டுமே. அதைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் புண் இருக்குமிடம் பச்சையாக ஒளிரும். மனிதக் கண் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படும் அந்தத் துண்டின் விலை அற்பம். அந்த அற்பமான பொருளை இடாமல் ஸ்டீராய்டு மருந்தை எழுதக் கூடாது என்பதை நாய் வளர்ப்போர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘சாயம் இட்டுப் பார்த்தீர்களா, டாக்டர்?’ என்று மரியாதையோடு கேட்பதில் பிழையொன்றும் இல்லை. வெற்றிலையும் உப்பும் மென்று கண்ணில் ஊதுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது முதலிய பழைய வழக்கங்களையும் நாய் விஷயத்தில் கைவிட வேண்டும். புண்பட்ட கருவிழிக்கு வேண்டியது சுத்தம். மனித வாயின் எச்சிலிலிருந்து அது கிடைக்காது.

புண்கள் எந்த நாய்களுக்கு அதிகம் வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனின் பின்னால் சென்ற பக் நாயைக் கண்டு, நாடெங்கும் அந்த ஜாதியை வாங்கினார்கள். மூக்குச் சப்பி, கண் பிதுங்கி, இமைகள் முழுதும் மூடாத முகத்தை மனிதனே தன் ரசனைக்காகத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து உண்டாக்கினான். அதன் விலையை அந்தப் பிராணிகள் கண்ணால் கொடுக்கின்றன. பக், ஷீ ட்ஸு ஆகியவற்றின் கண் உலர்ந்தும் உராய்ந்தும் புண்ணாவது மிக எளிது. கண்ணீர் சுரப்பது குறைந்துவிட்ட நாய்க்கு ஸைக்ளோஸ்போரின் மருந்தை ஆயுள் முழுவதும் இட வேண்டியிருக்கும். குட்டியை வாங்கும் நாளில் கொடுக்கும் விலையைக் காட்டிலும், அதன் முகத்தின் அமைப்புக்காகப் பின்னால் கொடுக்கப்போகும் விலை பெரிது என்பதை எண்ணிப் பார்த்த பிறகு வாங்கட்டும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நோயே அறியாதவை என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட முகமும் உள்ளடங்கிய கண்ணும் உடைய அவற்றுக்கு இந்தக் குறிப்பிட்ட துன்பம் குறைவு.

நம் நாட்டு வெப்பத்தில் வேறொரு பகைவன் உண்டு. அது உண்ணி. பழுப்பு நிற நாய் உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா என்ற காய்ச்சல், இரத்தத்தில் தட்டணுக்களைக் குறைத்துக் கண்ணுக்குள் குருதி கசியவும், விழியின் உட்பகுதி அழன்று பார்வை கெடவும் செய்கிறது. கண் சிவந்திருக்கிறதென்று கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் இதில் காரியம் கைகூடாது. இரத்தப் பரிசோதனை செய்து, டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரையை 28 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும். நாலு நாளில் நாய் சுறுசுறுப்பாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவதால்தான் பல நாய்களுக்கு நோய் மீண்டும் வருகிறது. நீரிழிவு கண்ட நாயின் கதை வேறு: ஓராண்டுக்குள் நான்கில் மூன்று பங்கு நாய்களுக்குக் கண்புரை விழுந்துவிடுகிறது. அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது, இளைக்கிறது என்று கண்டவுடனே சர்க்கரையைப் பார்த்துவிட்டால், பின்னால் வரப்போகும் புரைக்குக் குடும்பம் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளவாவது அவகாசம் கிடைக்கும்.

கண்புரையில்தான் பணம் பெரிதாகக் குறுக்கே நிற்கிறது. நாய்க்குச் செய்யும் புரைச் சிகிச்சை, முறையில் மனிதனுக்குச் செய்வதே; ஆனால் நாய் அசையாமல் படுத்திருக்காதாகையால் முழு மயக்கம் தேவை; அறுவைக்கு முன்னர் விழித்திரை உயிரோடிருக்கிறதா என்று மின்பதிவு எடுத்துப் பார்க்க வேண்டும்; அறுவைக்குப் பின்னர் வாரக்கணக்கில், நாளுக்குப் பல முறை மருந்து இட வேண்டும். மனிதக் கண்ணில் பொருத்தும் வில்லையின் சக்தி ஏறக்குறைய 20 டயாப்டர். நாய்க்கு வேண்டியது ஏறக்குறைய 41. ஆதலால் மனிதர்களுக்காக மலிவாகக் கிடைக்கும் வில்லை நாய்க்கு உதவாது. எல்லாம் சேர்ந்து, தனியார் மருத்துவமனையில் பல பதினாயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. வில்லை பொருத்தாமலே புரையை மட்டும் நீக்கினாலும், அருகிலுள்ளது தெளிவில்லாவிட்டாலும், நாய் வழி கண்டு நடமாடும் என்பதைச் செலவுக்கு அஞ்சுவோர் கேட்டறிய வேண்டும்.

இத்தனையும் அறிந்த பின்னர் என் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்தாருக்கும் நாயின் கண் விஷயத்தில் முதற்கடமை வலியை நீக்குவது. பார்வையைக் காப்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிக்கொள்வதனால்தான் குடும்பமும் துன்புறுகிறது, நாயும் துன்புறுகிறது. பார்வை திரும்பாது என்று உறுதியான பிறகும், அழுத்தத்தால் வலிக்கும் ஒரு குருட்டுக் கண்ணை, அழகு போய்விடுமென்று அஞ்சி, மாதந்தோறும் மருந்து வாங்கி வைத்துக்கொண்டிருப்பது அன்பாகாது. அந்தக் கண்ணை அகற்றிவிடுவது ஒரே முறை செய்யும் செலவு. மணிக்கு அதைச் செய்ய எங்கள் வீட்டில் முதலில் எவருக்கும் மனம் வரவில்லை. என் மனைவி இரண்டு இரவு தூங்கவேயில்லை. தையல் ஆறிய பிறகு அவன் மறுபடியும் வாசலில் வந்து நின்று வாலாட்டி, தெருவில் போகிறவர்களைக் குரைத்துக் கூப்பிட்டபோதுதான், அதற்கு முந்தைய வாரங்களில் அவன் எவ்வளவு வேதனையை மௌனமாகத் தாங்கியிருந்தான் என்பது எங்களுக்குப் புரிந்தது.

இரு கண்ணும் போன நாயின் வாழ்வு முடிந்துவிட்டதென்று எண்ணுவதும் தவறு. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாமல் வைத்து, சோற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே இடம் குறித்து, மாடிப்படியின் தலைப்பில் ஒரு தடுப்புப் பலகை போட்டு, தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கினால், சில வாரங்களில் அது வீட்டின் வரைபடத்தை மூக்காலும் காலாலும் மறுபடியும் எழுதிக்கொள்கிறது. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதன் கழுத்தில் ஒரு சிறு மணியைக் கட்டிவிடுவது நல்ல துணை. இதற்கெல்லாம் செலவு ஏதுமில்லை, வேண்டுவது பொறுமை. பார்வை போன காரணம் ஒன்றுக்காகவே ஒரு நாயைத் தெருவில் விடுவதும், நிரந்தர உறக்கத்துக்கு அனுப்புவதும் எந்த விதத்திலும் நியாயமாகா.

தெருவில் விடுவதைச் சட்டமும் குற்றமென்றே சொல்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளின் துன்பத்துக்காக மறு ஆண்டே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யுமென்று நேரு வாக்களித்ததன் பேரில் அதை விலக்கிக்கொண்டார். அந்த வாக்கின்படி 1960-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை அச்சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் முதற்குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை. தொகையை உயர்த்த வேண்டுமென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் தண்டனையை மட்டும் உயர்த்தி, வைத்தியத்தை எட்டாக் கையில் வைத்திருந்தால், கைவிடுதல் இரவில் நடக்குமேயன்றி நிற்காது.

வைத்தியத்தை எட்டும் கைக்குக் கொண்டுவருவது தமிழ்நாட்டுக்குப் புதிய வித்தையன்று. 1976-இல், அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, மதுரையில் பதினொரு படுக்கைகளை வைத்து அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவரின் கட்டணத்தைக் கொண்டு முடியாதவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்யும் முறையை அங்கே நிலைநாட்டினார். 1992-இல் அதன் உற்பத்திக் கூடமான ஆரோலாப் தொடங்கியதும், அயல்நாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த விழிவில்லை மதுரையிலேயே மலிவாக உருவாயிற்று. கால்நடை வைத்தியத்திலும் நாம் பின்தங்கியவர்களல்லர். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்நாட்டில் அந்தத் துறைக்கு முதன்முதலாகப் பட்டம் அளிக்கும் கல்லூரியாயிற்று; 1989-இல் அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. மனிதக் கண்ணுக்கு மலிவான வைத்தியத்தைக் கண்டுபிடித்த ஊரும், பிராணி வைத்தியத்துக்குப் பல்கலைக்கழகம் கண்ட ஊரும் ஒரே ராஜ்யத்தில் இருக்கின்றன. இரண்டும் கைகோத்தால் 41 டயாப்டர் வில்லை இங்கேயே மலிவாக உருவாவதற்குத் தடையென்ன?

அதற்கு முன்னர், உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேப்பேரியில் விடியற்காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களில் பலர், தங்கள் ஊரில் ஒரு கருவி இல்லாத காரணத்தால் வந்தவர்கள். அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றும், சாயத் துண்டுகளும், கண்ணீர் அளக்கும் காகிதமும் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒவ்வோர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் இருக்குமானால், நோய் தொடங்கிய முதல் இரண்டு நாட்கள் பேருந்துப் பயணத்தில் வீணாகமாட்டா. கறவை மாட்டுக்கு அரசு மானியத்தோடு காப்பீடு உண்டு. நாய்க்கு விற்கப்படும் தனியார் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் முன்பே கண்ட நோய்க்கும் பரம்பரை நோய்க்கும் இடமில்லை. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமம் என்பது கட்டுப்பாடாக மட்டும் இல்லாமல், அதைப் பெற்ற ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனையையும் உரிமையாகத் தருமானால், மக்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொள்வார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையும் மாநகராட்சிகளும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை நாய் வளர்ப்போர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்காக நாயை அழைத்துச் செல்லும் அன்றே, அதன் இரு கண்களையும் ஒளியிட்டுப் பார்க்கும்படியும், ஸ்பானியல் முதலிய ஜாதியானால் அழுத்தத்தை அளக்கும்படியும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண் சிவந்தோ மங்கியோ மூடியோ இருந்தால், மறு நாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.